திங்கட்கிழமை ஏழரைக்கு முன்

செப். 9, செவ்வாய்

காற்று. இரவு முழுக்கக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் நமுனுகுல மலை கழுவிவிட்ட மாதிரி பளிச். மழை கிடையாது. துணி துவைத்துப் போட்டாயிற்று.

நேற்று எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை. இன்று எழுதுவது ஆத்திரம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக.

நேற்று திங்கள். காலை ஏழேகாலுக்கு டைரக்டரின் வாராந்தக் கூட்டம். அவர் கொழும்பில், ஒன்பது தோட்டத்துத் தொரைமாரும் (மேனேஜர்மார்) திரையில். தொடங்கி ஐந்து நிமிடத்தில், கூட்டம், மெசேஜ், தோட்டத்து அறிக்கை எல்லாம் ஓடுகிற கம்பனி சர்வர் படுத்துவிட்டது. டைரக்டரின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது, கொட்டாவி விடப் போய் மறந்துபோனவர் மாதிரி. ஒன்பது தோட்டமும் பார்த்தது.

அது சிரிப்பு. இது இல்லை: அதே நேரம் மடுல்சீமைத் தோட்டத்தில் என் அக்கா ரெஜினா. அங்கே பிள்ளைக்காம்பரா அவள் பொறுப்பு. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். பிரியா, மூன்று வயது, காய்ச்சலோடு வந்தவளுக்கு வலிப்பு. அந்தப் பக்கம் போனில் கோல் எடுபடாது. மெசேஜ் மட்டும் சிக்னல் வந்து போகும் இடைவெளியில் நழுவிப் போய்ச் சேரும். அக்கா கம்பனி குரூப்பில் "வண்டி வேணும்" என்று போட்டாள். சுற்றியது. சுற்றியது. வண்டி தொரை பங்களாவில் (அங்கே மட்டும் இணைய லைன் உண்டு) சும்மா நின்றது. கடைசியில் பிள்ளையின் மாமா குறுக்கு வழியில் ஓடிப்போய் வண்டியைக் கூட்டி வந்தார்.

பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில். மாலை போய்ப் பார்த்தேன். பிஸ்கட் தின்கிறாள். நான்தான் வார்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

அந்த மெசேஜ் சுற்றியது நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில். வேறு எவருடையதும் இல்லை.

செப். 10, புதன்

டைரக்டரின் உத்தரவு வந்துவிட்டது. நிஸ்தார் சேர் (என் மேலதிகாரி, பதுளை டவுன்காரர், கோபமே வராத மனிதர்) கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அடுத்த திங்கக்கிழமைக் கூட்டமும் இப்படி நிண்டா, தூரத் தோட்டம் மூண்டையும் சர்வர்லேர்ந்து கழட்டச் சொல்றாங்க மகள். மடுல்சீமைதான் மொதல்ல. அவங்கட போன்தான் பாரமாம். பழையபடி டெலிபோன்ல பேசிக்கட்டுமாம்."

"அங்க டெலிபோன் எங்க சேர் எடுக்குது?"

"அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. அதிலும் ஊருக்கு இளைத்தவன் வீட்டை.

சரி. திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது. செய்ய வேண்டியவை:

– தரவுத்தளத்துக்கு எவ்வளவு நினைவகம் கொடுத்திருக்கிறது?
– ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுகிறது?
– படங்களைச் சிறிதாக்கும் வேலை எங்கே நடக்கிறது?
– தானாக ஓடும் வேலைகள் எவை, எப்போது?
– காஸ் சிலிண்டர்

முதலாவதே மானக்கேடு. இருக்கும் நினைவகத்தில் தரவுத்தளத்துக்குக் கொடுத்திருப்பது ஒரு ஓரம். பொருத்தியவர்கள் பெட்டியில் வந்தபடியே விட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய அண்டாவை வாங்கி வைத்துவிட்டு அகப்பையில் சமைத்தது மாதிரி. மாற்றினேன்.

தானாக ஓடும் வேலைகளில் பாரமானது ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை, தேடலுக்கான அட்டவணையை முதலிலிருந்து கட்டுவது. திங்கள் 1.30, விடியப்புறம். நல்லது, அந்த நேரம் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டேன்.

காஸ் மறந்துவிட்டது.

செப். 11, வியாழன்

சர்வர் இருப்பது பழைய தேயிலை ருசி பார்க்கும் அறையில். கழுவும் தொட்டி இன்னும் இருக்கிறது. காற்றில் ஜன்னல் ஆடுகிறது, செய்தித்தாளை மடித்துச் செருகினேன்.

இன்று எல்லாம் பறக்கிறது. எத்தனை பேரை ஏற்றிப் பார்த்தாலும் அசையவில்லை. அதுதான் இடிக்கிறது. செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை இது எப்போதும் ஓரளவு ஓடும். திங்கள் காலையில் மட்டும்தான் சாகிறது. மூன்று மாத வரைபடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு திங்களும் ஏழு மணியிலிருந்து மலை. ஏழரைக்குப் பிறகு வருகிறவர் எண்ணிக்கை மட்டும் சட்டென்று விழுகிறது. மற்ற நாட்களில் அதே அறிக்கைகள் பகல் பன்னிரண்டு வரை மெதுவாக வந்து சேர்கின்றன. திங்களில் மட்டும் எல்லோருக்கும் என்ன அவசரம்?

கொழும்பில் தளத்தை விற்ற கம்பனியின் இன்ஜினியர் திலினவுடன் பேசினேன். நல்லவர்தான், ஆனால் பாட்டு ஒன்றே: தோட்டத்துப் போன்களை நீக்குங்கள். நீக்குவதென்றால் நான் எதற்கு, ஒரு கத்தரிக்கோல் போதுமே என்றேன். சிரித்தார்.

கூட்டத்தைப் பிரிப்பதுதான் வழி என்று முடிவு செய்து எல்லாத் தோட்டத்துக்கும் அறிவித்தல் போட்டேன். சர்வரின் பாரத்தைக் குறைக்க, வரும் திங்கள் முதல் வாரத் திட்டத்தையும் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது எடுக்கும் படங்களையும் 7.45க்குப் பிறகு அனுப்பவும். அன்புடன், ஜோசபின்.

ஒன்பது தோட்டத்திலிருந்தும் கட்டைவிரல் வந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகம்.

செப். 12, வெள்ளி

சந்தேகம் சரி.

வெலிமடைப் பக்கத் தோட்டத்து ராமையா ஐயா வேறு வேலையாகப் பேசினார். வெளிக்கள உத்தியோகத்தர், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். பேச்சோடு பேச்சாக, 7.45க்குத்தானே அனுப்புவீர்கள் என்று கேட்டேன்.

"பாப்போங்க மிஸ்."

"பாப்போம்னா?"

"பாத்துச் செய்றோங்க. நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க."

மடுல்சீமைக் கணக்கப்பிள்ளையும் மெசேஜில் இதையேதான் சொன்னார். நமுனுகுலக்காரர் ஒரு படி மேலே. "ஒங்களுக்காகப் பாக்கலாம் மிஸ், ஆனா திங்கக்கிழமை மட்டும் கேக்காதீங்க." திங்கட்கிழமைக்குத்தானே கேட்கிறேன்.

முகத்துக்கு நேரே "ஏலாது" என்று எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். கட்டைவிரலைக் காட்டிவிட்டு நினைத்ததைச் செய்வார்கள். நானும் அந்த இனம்தான், அதனால் கோபப்படவும் உரிமை இல்லை. ஆனால் கோபம் வந்தது.

பள்ளிவாசலிலிருந்து நிஸ்தார் சேர் திரும்பியதும் உள்ளே கூப்பிட்டார். நீக்க வேண்டிய பெயர்களை டைரக்டர் இப்போதே தயார் செய்து வைக்கச் சொல்கிறாராம்.

"நான் செய்ய மாட்டேன் சேர்."

"ஒங்கள செய்யச் சொல்லல்ல. திங்கக்கிழம வரைக்கும் நானும் அதுல கை வைக்கல்ல. அதுக்குள்ள ஒங்களுக்கு ஏலுமா?"

"ஏலும்."

எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னாயிற்று. நாளை மடுல்சீமைக்குப் போய் அந்தப் போன்கள் எப்படித்தான் அனுப்புகின்றன என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் சிவாவின் வேனில். கராஜுக்கு லீவு போடச் சொல்லியாயிற்று.

பிரியாவுக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிவிட்டார்கள், வீட்டுக்குப் போயாச்சு. அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்.

செப். 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். என் மரமண்டைக்கு ஒரு சாட்சி வேண்டும்.

ஒன்பது மணிக்கு நான் தயார். ரொட்டி, சம்பல், அக்காவுக்குப் பழம், லெப்டொப். சிவா வேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு எதையோ தட்டுகிறார். ஐந்து நிமிடம் என்றார். பிறகு டயருக்குக் காற்று. பிறகு கண்ணாடி துடைப்பு. பத்து மணியாகிவிட்டது.

"என்னங்க, வேன் கல்யாணத்துக்கா போகுது?"

"பத்தரைக்குக் கெளம்பிருவோம்."

"ஏன் பத்தரை?"

துணியைப் பிழிந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "சனிக்கிழமை ஒம்பதுலேருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். நல்ல காரியத்துக்குப் போறே. ஒங்கிட்ட சொன்னா சிரிப்பே."

சிரிக்கத்தான் போனேன். கலியாணம் கட்டி எட்டு வருடம். அவர் வீட்டில் ராகு காலம், எங்கள் வீட்டில் ஜெபமாலை, இதில் சண்டை பிடித்து அலுத்தும் போயிற்று. கோவிலுக்குப் போகிற ஆள் வேதக்காரியைக் கட்டினால் இப்படித்தான் என்று அவர் சொல்லுவார், வேதக்காரி பொறுமை பழகுவாள் என்று நான் சொல்லுவேன்.

சிரிக்கவில்லை. பாதியில் நின்றுவிட்டது. சமையலறைக்குப் போனேன். காஸ் அடுப்புக்கு மேலே சிவாவின் நாட்காட்டி. தினமும் நான்தான் அதில் தாள் கிழிக்கிறேன். திங்கள், ராகு காலம்: 7.30 – 9.00.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

ராமையா ஐயாவுக்கு அங்கேயே நின்று கோல் எடுத்தேன்.

"ஐயா, திங்கக்கிழமை ஏழரைக்கு முன்னாடி எல்லாரும் அனுப்புறது ராகு காலத்துக்காகவா?"

"பின்ன என்னங்க மிஸ். காலையில பெரட்டுல ஆள் எண்ணிக்கை தெரிஞ்சாத்தான் வாரத் திட்டம் எழுத முடியும். எழுதி ஏழரைக்குள்ள அனுப்பிரணும். வாரத்தையே ராகு காலத்துல தொறந்தா வெளங்குமா. சிங்களச் சேர்மாரும் அப்படித்தான் பாக்குறாங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க வேதக்காரங்க. மனசு சங்கடப்படுவீங்கன்னு."

ஆக, வாரம் முழுவதிலும் ஒருவரும் எதையும் தொடங்க விரும்பாத ஒன்றரை மணி நேரத்தைத் தேடிப் பிடித்து, அதில் வாரத்தைத் தொடங்கும்படி ஒன்பது தோட்டத்துக்கும் அன்புடன் அறிவித்தல் போட்டிருக்கிறேன். பத்து முப்பத்தைந்துக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் சிவா முகத்தில் ஒரு சிரிப்பு. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். பசறை தாண்டியதும் நானும் சிரித்துவிட்டேன்.

மடுல்சீமைப் பாதை பாதையே இல்லை. வேன் பாடு சிவாவுக்குத்தான் தெரியும்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். திங்கள் காலையில் ஏழெட்டுப் பேர் அங்கே நின்று அனுப்புவார்களாம், அக்கா காட்டினாள். நானும் ஏறி ஒரு பெரட்டுப் படத்தை அனுப்பினேன். சொட்டுச் சொட்டாகப் போகிறது. பாதியில் சிக்னல் போனால் முதலிலிருந்து. பொறுமை போய் மறுபடி அமுக்கினேன், இப்போது இரண்டு. இத்தனை நேரமும் என் சர்வரில் ஒரு வாசல் எனக்காகத் திறந்தபடியே காத்திருக்கிறது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருவர் தராசிலேயே சாக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாகப் போட்டால் பின்னால் நிற்கிறவர்கள் கதி என்ன, அதுதான்.

இது இவர்கள் பிழை இல்லை. சாக்கு நிரம்பிய பிறகு தராசில் வை என்று சொல்ல வேண்டியவள் நான். முன்னால் ஓர் அடுக்கு வைத்து, மெதுவாக வருவதை அங்கேயே முழுதாக வாங்கிக்கொண்டு பிறகு உள்ளே அனுப்பினால் வாசல் அடைபடாது. எனக்குத் தெரிந்த வைத்தியம்தான். இங்கே வந்து தொட்டி மேல் ஏறும் வரை நோய்தான் தெரியவில்லை.

அக்கா கேட்டாள், "கழட்டிருவாங்களாடி?"

"மாட்டாங்க."

"நெசமாவா?"

பிரியா வர இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். அவளுடைய பாய் சுருட்டி மூலையில் இருந்தது. "நெசமா" என்றேன்.

செப். 14, ஞாயிறு

சிலுவைத் திருவிழாப் பூசை. பிரசங்கம் நீளம். பாதர் மன்னிக்க வேண்டும், நான் பாதி நேரம் வாசல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து நேரே ஒபிஸ். சாவி நிஸ்தார் சேர் கொண்டுவந்தார், கூடவே அவர் வீட்டு வட்டிலப்பம். முன்னடுக்கை வைக்கத் திலின சம்மதிக்கவில்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடக் கூடாதாம். சேர் போனை வாங்கினார். "நான் சொன்னேன்டு எழுதுங்க. பிழைச்சா என்ட தலை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு துண்டு வெட்டித் தந்தார்.

பத்து மணிக்குப் பரீட்சை. அக்கா தொட்டி மேலே. ஒரு படத்தை அனுப்பினாள். அவள் பக்கம் மெதுவாகத்தான் போனது, ஆனால் வாசல் ஒன்றுகூட அடைபடவில்லை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் சரி. சந்தோஷத்தில் சர்வர் உள்ளே எழுதிக்கொள்ளும் குறிப்பைத் திறந்து பார்த்தேன். வந்த நேரம் 4.30 என்றிருந்தது.

நாலரையா? இப்போதுதானே அனுப்பினாள்.

நான் பார்க்கிற வரைபடம் நம் நேரத்தில். சர்வரின் சொந்தக் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில். பொருத்தியவர்கள் அதையும் வந்தபடியே விட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் புதன்கிழமை நான் "நல்லது" என்று விட்டுவைத்த அந்த அட்டவணை வேலை, விடியப்புறம் 1.30, நம் கணக்கில் காலை ஏழு மணி. திங்கள் காலை ஏழு. ஒன்பது தோட்டமும் ராகு காலத்துக்கு முன்னே ஓடி வருகிற அதே அரைமணியில், உள்ளே இது தன் பாட்டுக்கு முழு வீட்டையும் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு எந்த நாள் பகலில் ஓடியிருந்தாலும் கூட்டம் இல்லாததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சேரிடம் சொன்னேன். வட்டிலப்பக் கரண்டியோடு அப்படியே நின்றார். "லண்டன்காரன் தூங்கற நேரத்துக்கு வச்சிருக்கான்."

அதை ஞாயிறு மாலைக்கு மாற்றினேன். மாலை நாலரையிலிருந்து ஆறு. தேர்ந்தெடுத்த பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன், ஞாயிறு ராகு காலம் அதேதான். இருக்கட்டும். அந்நேரம் ஒருவரும் வர மாட்டார்கள். இன்றே ஓட விட்டேன், ஆறுக்கு முன்பே முடித்துவிட்டது.

7.45 அறிவித்தலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "திங்கள் அறிக்கைகளை வழமைபோல் 7.30க்கு முன் அனுப்பவும்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ராமையா ஐயா கும்பிடுகிற கை ஒன்று போட்டார்.

தூக்கம் வருமா தெரியவில்லை. எல்லாம் சரி என்றுதான் நினைக்கிறேன். நினைப்பதும் திங்கட்கிழமையும் வேறு வேறு.

செப். 15, திங்கள்

காற்று அடங்கிவிட்டது. சிவா ஆறு மணிக்கே பைக்கில் கொண்டுவந்து ஒபிஸில் இறக்கினார். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். ப்ளேன்டீ இரண்டு. பயம்.

ஏழு மணி. ஏறத் தொடங்கியது. நமுனுகுல, வெலிமடைப் பக்கம், எல்லாம் ஒன்றாக. கோடு மேலே போனது, போய் நின்றது, மூச்சு வாங்கவில்லை. போன வாரம் இந்த இடத்தில்தான் செத்தது.

ஏழேகால். கூட்டம். டைரக்டரின் முகம் அசைந்தது. சாதாரண முகம்தான், ஆனால் அது அசைவதை வாழ்நாளில் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. தொரைமார் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மடுல்சீமைத் தொரை பேசும்போது நிஸ்தார் சேர் கண்ணை மூடிக்கொண்டார். குரல் தெளிவாக வந்தது.

என்ன செய்தீர்கள் என்று டைரக்டர் எங்களைக் கேட்டார். கடிகாரத்தையும் முன்னடுக்கையும் சொன்னேன். ராகு காலத்தைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, அதையும் சொல்லிவிட்டேன். திரையில் ஒன்பது தொரைமாரும் எங்கேயோ பார்த்தார்கள். டைரக்டர் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அப்போ தூரத் தோட்டங்களை நீக்கத் தேவையில்லை. அப்படியே இருக்கட்டும். இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சிங்களத்தில், "ஏழரை ஆகப் போகிறது, நல்ல முடிவை அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கூட்டத்தை ஏன் ஏழேகாலுக்கு வைக்கிறார் என்று மூன்று வருடமாகக் குழம்பியிருக்கிறேன்.

சேர் எழுந்து போய்க் கழுவும் தொட்டியில் முகம் கழுவினார்.

7.26க்கு மடுல்சீமையிலிருந்து ஒரு படம். பிள்ளைக்காம்பரா வாசல், பிரியா, தலையில் இரண்டு ரிப்பன், கையில் பிஸ்கட். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள், இன்றே வந்துவிட்டாள். கீழே அக்கா எழுதியிருந்தாள்: "இவ நல்லா இருக்கா."

அடுத்த நொடியே இன்னொன்று: "ஜோசி, சுத்தவே இல்லடி. போச்சா போகலையா? திரும்ப அனுப்பவா?"

போயிருச்சுக்கா என்று எழுதினேன்.